பேசினா குறையுமா மேடம்?

கேள்வி: எனக்கு வயது 28. விருதுநகர் பக்கம் சொந்த ஊர். சென்னையில் ஐ.டி. சப்போர்ட் வேலை, பெருங்குடியில் இரண்டு நண்பர்களோடு ரூம். காலேஜ் மூன்றாம் வருடம் கஞ்சா பழகினேன். அப்போது சனி, ஞாயிறு மட்டும்தான். லாக்டவுன் சமயத்தில் தினமும் ஆகிவிட்டது. இப்போது ராத்திரி மூன்று ஜாயிண்ட், சனிக்கிழமை என்றால் மத்தியானத்திலிருந்தே. வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன், கடன் எதுவும் இல்லை. ஆனால் பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போனால் கிடைக்காது. மூன்றாம் நாள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. போன பொங்கலுக்கு அம்மா இரண்டாவது தடவை சாப்பிடக் கூப்பிட்டார் என்பதற்காகத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். வீட்டில் வேறு பெண் பார்க்கிறார்கள். கஞ்சா மூலிகைதானே, அடிமையாக்காது என்று ரூமில் சொல்கிறார்கள். அப்புறம் எனக்கு மட்டும் ஏன் இப்படி? இதற்கு மாத்திரை உண்டா? ஒரு நண்பன் கவுன்சலிங் போகச் சொன்னான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினா குறையுமா மேடம்? முழுசாக விட முடியும் என்று தோன்றவில்லை, சனிக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா? போலீஸுக்கோ ஆபீஸுக்கோ தெரிந்துவிடுமா?
பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஐந்தையும் படித்துவிட்டு நான் திரும்பப் போய் நின்றது அந்தத் தட்டில்தான். அதை எழுதச் சொல்லி உங்களை யாரும் கேட்கவில்லை. எத்தனை ஜாயிண்ட், எத்தனை வருடம் என்று சொல்லியிருந்தாலே கடிதம் முழுமையாக இருந்திருக்கும். ஆனாலும் எழுதினீர்கள், ஏனென்றால் உங்களை உறுத்துவது அதுதான். கவுன்சலிங்கில் நாங்கள் முதலில் தேடுவதும் இந்த மாதிரி ஒன்றைத்தான். அந்தத் தட்டுக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

முதலில் "எனக்கு மட்டும் ஏன்". ஊரில் இருக்கும்போது வருகிற அந்தக் கோபத்துக்கு அம்மா தொணதொணப்பதுதான் காரணம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், பிள்ளைக்கு வேலையில் ஏதோ டென்ஷன் என்று அம்மா நினைத்திருப்பார், ஆனால் தினமும் கஞ்சா புகைக்கும் ஒருவர் சட்டென்று நிறுத்தினால் ஒரு நாள், ஒன்றரை நாளில் உடம்பு முரண்டு பிடிக்க ஆரம்பிக்கும் என்பதுதான் விஷயம். எரிச்சல், காரணமே இல்லாத கோபம், படபடப்பு, பசியின்மை (அம்மா இரண்டாவது தடவை கூப்பிட வேண்டி வந்தது அதனால்தான்), தூக்கமின்மை, தூங்கினால் விசித்திரமான கனவுகள், சிலருக்கு வியர்வை, தலைவலி, வயிற்று வலி. இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும், தூக்கம் மட்டும் சரியாக ஒரு மாதம் கூட ஆகலாம். 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான் இதை ஒரு தனி நிலையாகச் சேர்த்தார்கள். அதற்கு முன்பெல்லாம் கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றும் செய்யாது என்று டாக்டர்களே சொன்னது உண்டு, அதனால் உங்கள் ரூம்மேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூலிகை என்கிறார்கள். சரி. புகையிலையும் செடிதான், எருக்கம்பாலும் செடியில்தான் வருகிறது. கஞ்சாவில் இருக்கிற டி.எச்.சி. என்ற பொருளை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கோலம் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அதே வேலையைச் செய்கிற ஒரு பொருள் நம் மூளையிலேயே சுரக்கிறது என்பது 1992இல் தெரிந்தபோது அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள், நம்ம ஆனந்தம்தான். தினமும் வெளியிலிருந்து மூன்று ஜாயிண்ட் ஆனந்தம் உள்ளே வந்தால், அதை வாங்கிக்கொள்கிற ஏற்பிகளை மூளை குறைத்துவிடுகிறது. வெளி வரத்து நின்ற அன்று உள்ளூர் சரக்கும் போதவில்லை, வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை என்றாகிறது. பொங்கலன்று உங்கள் தலைக்குள் நடந்தது இதுதான். நல்ல செய்தி என்னவென்றால் நிறுத்திய இரண்டு நாளிலேயே அந்த ஏற்பிகள் திரும்பத் தொடங்குகின்றன, நான்கு வாரத்தில் கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. நீங்கள் மூன்று நாள், நான்கு நாளிலேயே பஸ் ஏறி பெருங்குடிக்கு வந்துவிடுவதால் மலையின் ஏற்றத்தை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள், இறக்கத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முழுசாக விட முடியாது என்று தோன்றுவதற்கு அதுவே போதும்.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்பதும் உண்மை. கஞ்சாவைத் தொட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவர்தான் அதற்கு அடிமையாகிறார், பதின்வயதில் ஆரம்பித்தவர்களில் ஆறில் ஒருவர். உங்கள் மாதிரி தினமும் என்று போய்விட்டால் கணக்கு இன்னும் மோசம். மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த கணக்கெடுப்பில், பாங்கு என்கிற அரைத்த கஞ்சா இலையும் சேர்த்து நாட்டில் சுமார் 3.1 கோடிப் பேர் முந்தின ஒரு வருடத்தில் கஞ்சா வகைகளை எடுத்திருந்தார்கள், அதில் 72 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிற அளவுக்குச் சிக்கல் இருந்தது. ஆகவே "எனக்கு மட்டும்" என்பதை எடுத்துவிடுங்கள்.

மாத்திரை பற்றி ஒரே வரி. கஞ்சாப் பழக்கத்தைக் குறைப்பதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றைய தேதிக்கு எதுவும் இல்லை. தூக்கம், படபடப்புக்கு மனநல மருத்துவர் சில நாட்களுக்கு ஏதாவது எழுதித் தரலாம், அது அவர் பார்த்து முடிவு செய்வது. மெடிக்கல் ஷாப்பில் தெரிந்த பையனிடம் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதும், கஞ்சாவுக்குப் பதிலாக இரண்டு பீர் என்று மாற்றிக்கொள்வதும் வேண்டவே வேண்டாம். ஒரு குழியை மூட இன்னொரு குழி தோண்டிய கதைதான். அதனால் பேச்சுதான் இங்கே முக்கிய வைத்தியம், வேறு வழியில்லாமல் இல்லை, பயன் தருவது அதுதான் என்பதால்.

பேசினா குறையுமா? உங்கள் சந்தேகம் நியாயம். கவுன்சலிங் என்றால் ஒரு அக்காவோ அண்ணனோ எதிரில் உட்கார்ந்து, "ஏம்ப்பா இப்படி வாழ்க்கையைக் கெடுத்துக்கிற, அம்மா அப்பாவை நினைச்சுப் பாரு" என்று முக்கால் மணி நேரம் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடத்துகிற இடங்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. அதில் பயன் இல்லை, ஏனென்றால் அந்த வசனம் எல்லாம் உங்களுக்கு ஏற்கனவே தெரியும், என்னைவிட நன்றாகவே. ஒருவரைத் திட்டத் திட்ட அவர் தன் பழக்கத்துக்கு வக்கீலாக மாறிவிடுவார். குடிநோயாளிகளோடு வேலை செய்துகொண்டிருந்த வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் இதைத் திருப்பிப் போட்டார்: வாதத்தை ஆலோசகர் செய்யக் கூடாது, வந்தவர் வாயிலிருந்தே வர வேண்டும், ஆலோசகரின் வேலை அதற்கு ஏற்ற கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது. கேட்கச் சுலபமாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டு காத்திருக்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

எப்படி நடக்கும் என்று காட்டுகிறேன். ஆள் யார் என்று தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன், உங்கள் வயதுப் பையன்தான், அண்ணன் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார். அண்ணனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"குறைக்கணும்ங்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"ம்... ஒரு ஆறு?"

"ஆறா. ஏன் ஆறு? ரெண்டோ மூணோ சொல்லியிருக்கலாமே?"

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தான். "இல்ல மேடம், காலைல பத்து மணி மீட்டிங்ல என்ன பேசினாங்கன்னு சாயங்காலம் ஞாபகம் இருக்கறதில்ல. அப்புறம்... முன்னாடி கேரம் ஆடுவேன். நல்லா ஆடுவேன். போர்டு கட்டிலுக்கு அடியில கிடக்கு."

அவ்வளவுதான். கேரம் போர்டு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது, அண்ணன் சொன்ன கதையில் அது இல்லை. "ஏன் பத்து இல்லை, ஆறு மட்டும்?" என்று நான் கேட்டிருந்தால், கஞ்சா ஏன் அவ்வளவு மோசம் இல்லை என்று எனக்குக் கால் மணி நேரம் பாடம் எடுத்திருப்பான். ஒரு கேள்வியை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறோம் என்பதில் அத்தனை வித்தியாசம் இருக்கிறது. அடுத்து, "முடியும்னு எவ்வளவு நம்பிக்கை?" என்று கேட்டேன். மூன்று என்றான். சரி, முக்கியத்துவம் ஆறு, நம்பிக்கை மூன்று என்றால் இவனிடம் கஞ்சாவின் கெடுதலைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம், எப்படிக் குறைப்பது என்ற கைவேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் கேரம் போர்டு அந்தத் தட்டு என்று எனக்குப் படுகிறது. எந்த ஆலோசகரிடம் போனாலும் அதை முதலில் சொல்லுங்கள்.

அந்தக் கைவேலைதான் இரண்டாவது பாதி. மொத்தம் ஆறிலிருந்து ஒன்பது சந்திப்பு வரை ஆகும், இரண்டு மூன்று மாதத்துக்குள். அமெரிக்காவில் மூன்று ஊர்களில் 450 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 2004இல் முடிவு வந்தது. ஒரு பகுதியினருக்கு ஒன்பது சந்திப்பு, ஒரு பகுதியினருக்கு இரண்டே சந்திப்பு, மீதிப் பேரைக் கொஞ்ச நாள் காத்திருக்கச் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்பது சந்திப்புக்குப் போனவர்கள் புகைத்த நாட்கள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன, இரண்டு சந்திப்புக்காரர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். முழுசாக விட்டிருந்தவர்கள் ஒன்பது சந்திப்புக் குழுவிலேயே கால்வாசிக்கும் கொஞ்சம் கீழேதான். நான் இதை இரண்டு பக்கமும் சொல்கிறேன், ஏனென்றால் "21 நாளில் நிரந்தர விடுதலை" என்று போர்டு வைத்திருக்கிற இடத்தைப் பார்த்தால் நீங்கள் அடுத்த பஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ள வேண்டும். நிறையக் குறைக்க முடியும், அதில் சந்தேகமில்லை. முற்றிலும் விடுவதற்குச் சிலருக்கு இரண்டு மூன்று முறை முயற்சி தேவைப்படும்.

கைவேலை நோட்டில் ஆரம்பிக்கும். நாற்பது பக்க நோட்டு போதும், போனில் வேண்டாம், போனை ரூமில் எல்லோரும் எடுப்பார்கள். எப்போது தோன்றியது, எங்கே இருந்தீர்கள், அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் என்ன நடந்தது, ஆசை பத்துக்கு எவ்வளவு, புகைத்தீர்களா, எவ்வளவு. ஒரு வரிதான். இப்படி இருக்கும்: "செவ்வாய், 9.20. ரூம். கிளையண்ட் கால் முடிஞ்சுது, தப்பு என் மேலன்னு போட்டுக்கொடுத்துட்டான். 8. ஆமா, ஒண்ணு." இன்னொரு வரி: "புதன், 7.10. பெருங்குடி சிக்னல், ஷேர் ஆட்டோ. ஒண்ணும் நடக்கலை. 6. இல்லை." மூன்றாவது: "புதன், 11.45. தூங்கப் போறேன். பயமா இருக்கு தூக்கம் வராதோன்னு. 9. ரெண்டு." ஒரு வாரம் எழுதினால், நீங்கள் "மூன்று ஜாயிண்ட்" என்று ஒரே பெயரில் சொல்கிற விஷயம் உண்மையில் மூன்று வேறு வேறு ஆட்கள் என்று தெரியும். ஒன்று ஆபீஸ் அவமானத்துக்கு மருந்து, ஒன்று நண்பர்களோடு உட்காருவதற்கு டிக்கெட், கடைசி ஒன்று வெறும் தூக்க மாத்திரை. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. வைராக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றையும் ஒரே நாளில் தள்ளப் பார்த்ததுதான் முன்பெல்லாம் நடந்திருக்கும்.

பெரும்பாலும் கடைசி ஒன்றைத்தான் விடக் கஷ்டம், முதலாவதைத் தள்ளிப்போடுவது சுலபம். அதனால் முதல் வாரம் முதல் ஜாயிண்டை ஒரு மணி நேரம் தள்ளுவது, அடுத்த வாரம் இன்னும் ஒரு மணி நேரம், நடுவிலிருப்பதை எடுத்துவிடுவது, வாரத்தில் புகைக்காத நாள் ஒன்று, பிறகு இரண்டு என்று போகலாம். ஒரு ரகசியம்: எண்ணிக்கையைக் குறைத்தால் ஜாயிண்ட் குண்டாகிவிடும். எண்ணாதீர்கள், அளவைப் பாருங்கள். வாரத்துக்கு வேண்டியதை மொத்தமாக வைத்துக்கொண்டு ரேஷன் போடுகிறேன் என்று சொன்னவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், அந்த ரேஷன் கடையில் புதன்கிழமையே ஸ்டாக் தீர்ந்துவிடும். ரோலிங் பேப்பர், கிரஷர் எல்லாம் உங்கள் மேஜையில் இருக்கக் கூடாது. தேடி எடுக்க வேண்டிய பத்து நிமிடமே பாதி வேலையைச் செய்யும்.

ஏனென்றால் ஆசை என்பது ஏறிக்கொண்டே போகாது. நாம் அப்படி நினைத்துக்கொண்டுதான் நடுவில் சரணடைகிறோம். பெசன்ட் நகர் பீச்சில் நின்றிருப்பீர்கள் இல்லையா, பெரிய அலை வருகிறது என்று பார்த்தால் காலடியில் வந்து நுரையாகி ஓடும். ஆசையும் பெரும்பாலும் பதினைந்து, இருபது நிமிடம்தான். அந்த நேரத்தில் அதோடு சண்டை போடாமல், எங்கே தெரிகிறது, நெஞ்சிலா, தாடையிலா, கை விரலிலா என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லிக்கொடுப்போம். முதல் தடவை கேட்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள். முதல் இரண்டு தடவை சரியாக வராது. மூன்றாவது தடவை "மேடம், 9.20க்கு எட்டு, 9.40க்கு நாலு" என்று நோட்டைக் காட்டும்போது அவர்களுக்கே நம்ப முடியாது. மூன்றில் இருந்த நம்பிக்கை ஐந்துக்கு ஏறுவது இப்படித்தான், நான் பாராட்டுவதால் அல்ல.

தூக்கத்துக்கு: சாயங்காலம் ஐந்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள், மத்தியானம் ஈடுகட்டாதீர்கள். கனவு தாறுமாறாக வரும், கனவிலேயே புகைப்பீர்கள், குற்ற உணர்ச்சியோடு எழுந்திருப்பீர்கள். அது மூளை பழைய கனவுக் கணக்கைத் தீர்க்கிறது, அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் எழுதாத ஒன்று, சிகரெட். கஞ்சாவோடு சிகரெட் தூளைக் கலந்துதான் சுருட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன், இங்கே பெரும்பாலும் அப்படித்தான். அப்படியானால் நீங்கள் இழுப்பதில் நிகோட்டினும் இருக்கிறது, ராத்திரி வருகிற ஆசையில் எது யாருடையது என்று உடம்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஜாயிண்ட் குறைய, சிகரெட் சத்தமில்லாமல் ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குப் போகும். இதையும் ஆலோசகரிடம் சொல்லுங்கள், இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம், நிகோட்டினுக்கு மருந்தும் உண்டு.

ரூம்மேட்ஸ். இது உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது, கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களைத் திருத்தப் போக வேண்டாம், தத்துவம் பேசவும் வேண்டாம். அதில் ஒருவரையாவது தனியாகக் கூப்பிட்டு, "மச்சி, ஒரு மாசம் நான் ட்ரை பண்றேன், என் முன்னாடி சுருட்டாத, எனக்கு நீட்டாத" என்று சொல்ல முடியுமா பாருங்கள். இந்த ஒரு வாக்கியத்தை எங்கள் அறையில் வைத்து ஐந்தாறு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்வோம், நான் ரூம்மேட்டாக நடித்து நக்கல் அடிப்பேன். நாடகம் மாதிரி இருக்கும், ஆனால் நிஜத்தில் அவன் "என்னடா சாமியார் ஆயிட்டியா" என்று கேட்கும்போது வாய் தானாகப் பதில் சொல்லும். அதுவும் நடக்கவில்லை என்றால் முதல் நான்கு வாரம் மட்டும் வேறு ரூம், சித்தப்பா வீடு, எங்கேயாவது. மொட்டை மாடியில் தினமும் மூன்று பேர் உட்காருகிற இடத்தில் ஒருவன் மட்டும் சும்மா உட்காருவது எந்த ஆலோசகராலும் கற்றுக்கொடுக்க முடியாத வித்தை.

சனிக்கிழமை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? குறைப்பதும் ஒரு நியாயமான இலக்குதான். முழுசாக விடத் தயாரா இல்லாவிட்டால் வெளியே போ என்று சொல்கிற ஆலோசகரிடம் நீங்கள் இருக்க வேண்டியதில்லை. ஆனால் நேராகச் சொல்லிவிடுகிறேன், தினம் மூன்றிலிருந்து நேரே சனிக்கிழமைக்குத் தாவியவர்களுக்கு என்ன ஆகும் என்றால், சனிக்கிழமை வாரத்தின் நடுத்தூணாகிவிடும். வெள்ளி சாயங்காலமே சனி ஆரம்பிக்கும், பிறகு "வியாழன் கூட லீவுதானே" என்று வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் நான்கு வாரம் முழுசாக நிறுத்திப் பார்ப்பேன், ஊரில் நீங்கள் பார்க்காத அந்த இறக்கத்தைப் பார்ப்பதற்காக. அதற்குப் பிறகு சனிக்கிழமை வேண்டுமா என்று தெளிந்த தலையோடு முடிவு செய்யலாம். நான்கு வாரம் முடிந்த பிறகு எதற்கு மறுபடியும் என்று கேட்டவர்கள் உண்டு, திரும்பப் போனவர்களும் உண்டு. இல்லை, படிப்படியாகத்தான் என்றால் அளவை எழுதி வைத்துவிட்டு இறங்குங்கள்: எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு மேல், எவ்வளவு. நான்கு வாரத்தில் மூன்று வாரம் அந்தக் கோட்டைத் தாண்டினால், குறைப்பது உங்களுக்கு ஒத்துவரவில்லை, நிறுத்துவதுதான் சுலபம் என்று அர்த்தம். நடுவில் ஒரு நாள் சறுக்கினால் மறுநாள் நோட்டில் எழுதிவிட்டு மேலே போங்கள். "போச்சு, இனிமே என்ன" என்று அடுத்த பத்து நாளையும் தூக்கிக் கொடுப்பதுதான் ஆளைக் கவிழ்ப்பது, அந்த ஒரு ஜாயிண்ட் அல்ல.

போலீஸ், ஆபீஸ். 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா புகைப்பதே குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: பழக்கத்துக்கு அடிமையானவர் புகைத்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டினால்கூட, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்க வழி உண்டு, சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். சிகிச்சைக்கு வருகிறவரைப் போலீஸிடம் சொல்வது எங்கள் வேலை இல்லை. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், கோர்ட் கேட்டால், இந்த மாதிரி சில விலக்குகள் உண்டு, முதல் நாளே ஆலோசகர் அதைச் சொல்ல வேண்டும். ஆபீஸுக்கு நாங்கள் போன் செய்வதில்லை. ஆனால் கம்பெனியில் சிறுநீர்ப் பரிசோதனை இருந்தால், தினமும் புகைத்தவருக்கு நிறுத்திய பிறகும் பல வாரம் காட்டும், இந்தப் பொருள் கொழுப்பில் தங்கிவிடுவதால்.

எங்கே போவது? சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு எடுத்தால் போதும். 1980லிருந்து போதை மீட்பு வேலையை மட்டுமே செய்துவரும் டி.டி. ரங்கநாதன் மையமும் இங்கேதான். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14446 போதை மீட்புக்கான இலவச எண், 14416 டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். உங்கள் விஷயத்துக்கு அட்மிஷன் பெரும்பாலும் தேவைப்படாது, வாரம் ஒரு முறை போய் வந்தால் போதும். ஆள் அனுப்பி வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் பூட்டி வைக்கிற மையங்கள் பற்றி வீட்டில் யாராவது பேசினால் இந்தப் பதிலைக் காட்டுங்கள், அது சட்டப்படியும் தப்பு, வைத்தியமும் அல்ல.

இரண்டு எச்சரிக்கை. யாரோ பின்தொடர்கிறார்கள், நம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தோன்றினாலோ, காதில் குரல் கேட்டாலோ, குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்று நினைப்பு வந்தாலோ, அல்லது வாந்தி நிற்காமல் வந்து வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்குகிறது என்றாலோ நோட்டு, கேள்வி எல்லாம் அப்புறம், அன்றே டாக்டர். கூடவே தினமும் குடிப்பதோ தூக்க மாத்திரை போடுவதோ இருந்தால் அவற்றைத் தன்னிச்சையாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், கஞ்சா மாதிரி இல்லை, வலிப்பு வரலாம்.

கல்யாணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்பதை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன், சரியானதை ஒரு வீட்டிலும் பார்க்கவில்லை. ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். காரணம் கேட்டால் வேலை என்று சொல்லுங்கள், பரவாயில்லை. அம்மாவிடம் கஞ்சா விஷயத்தை இப்போதே சொல்ல வேண்டுமா என்பதை ஆலோசகரோடு பேசி முடிவு செய்யலாம், அவசரமில்லை. அந்தத் தட்டைப் பற்றி மட்டும் இன்றைக்கே போன் செய்து சொல்லலாம், அதற்கு கவுன்சலிங் தேவையில்லை.

நோட்டு இன்று வாங்கிவிடுங்கள். முதல் ஏழு நாள் ஒன்றையும் குறைக்க வேண்டாம், வழக்கம்போல இருங்கள், எழுத மட்டும் செய்யுங்கள், சனிக்கிழமை மத்தியானத்தையும் விடாமல். எட்டாம் நாள் அதோடு போய் ஓ.பி. வரிசையில் நில்லுங்கள், காலை எட்டரைக்குள் போனால் கூட்டம் குறைவு.